விருந்தினருக்கு ஹோட்டல், ஊராருக்கு வீடு

பெனிடோர்ம் என்றதுமே ஸ்பெயினில் படித்தவர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். அலிகாண்டே மாகாணத்தின் மத்தியதரைக் கடலோரத்தில், வளைந்து கிடக்கும் இரண்டு மணற்பரப்புகளுக்குப் பின்னால் அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்கும் ஊர் அது. 186 மீட்டர் உயரத்தில் 2002-ல் திறக்கப்பட்ட பாலி ஹோட்டல் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊரை மலிவு விடுமுறையின் அடையாளமாகவும், அழகான கடலோரம் சீரழிந்ததற்குச் சாட்சியாகவும் காட்டுவது அரை நூற்றாண்டுப் பழக்கம். ஆனால், இன்று ஸ்பெயினின் கடலோர ஊர்களில் சுற்றுலாவைப் பற்றி மக்கள் தெருவில் இறங்கிக் கேட்கும் கேள்விக்கு விடை தேடினால், ஏளனத்துக்குள்ளான இந்த ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. வெயிலும் கடலும் இரவு ஆட்டமும் தேடி வருகிறவர்களால் ஓர் ஊர் அழிவதில்லை. ஊராரின் குடியிருப்புகளை விருந்தினருக்கான அறைகளாக மாற்றும்போதுதான் அழிகிறது. ஸ்பெயினின் 70 ஆண்டு அனுபவம் இதைத்தான் காட்டுகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். ஸ்பெயினின் மக்கள்தொகை 5 கோடியைத் தொடவில்லை. 2024-ல் அந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளோ ஏறத்தாழ 9 கோடியே 40 லட்சம் பேர். பிரிட்டனிலிருந்து மட்டும் 1 கோடியே 80 லட்சத்துக்கு மேல். அடுத்த இடங்களில் பிரான்ஸும் ஜெர்மனியும். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுற்றுலாவிலிருந்து வருகிறது. 12 லட்சம் பேர் வாழும் பலேயரிக் தீவுகளுக்கு, அதாவது மயோர்கா, மெனோர்கா, இபிஸா, ஃபோர்மென்தேராவுக்கு, ஆண்டுக்கு ஒன்றே முக்கால் கோடிப் பேருக்கு மேல் வந்து போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கோடையின் சில மாதங்களில் வருகிறார்கள். இந்தச் சுமையை எதிர்த்து 2024 ஏப்ரலில் கனேரித் தீவுகளில் பல்லாயிரம் பேர் பேரணி நடத்தினார்கள். ஜூன் கடைசியில் மாலகா, ஜூலையில் பார்சலோனா, பிறகு மயோர்காவின் பால்மா என்று அலை பரவியது. பார்சலோனாவில் சிலர் பயணிகள்மீது நீர்த் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சிய படம்தான் உலகச் செய்தியானது. பேரணிகளில் திரும்பத் திரும்ப எழுந்த முழக்கம் வீட்டு வாடகையைப் பற்றியது என்பது அந்தப் படத்துக்குப் பின்னால் மறைந்துபோனது.

பெனிடோர்ம் எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1950-ல் அது சில ஆயிரம் பேர் வாழ்ந்த மீனவர் ஊர். சூரை மீன் கூட்டங்களை வலைச் சுவர்களால் மடக்கிப் பிடிக்கும் வித்தையில் அவ்வூர்க்காரர்கள் பேர்போனவர்கள். மத்தியதரைக் கடலின் பல கரைகளிலும் அவர்களைத் தலைவர்களாக வைத்துத் தொழில் நடந்தது. அந்தத் தொழில் நொடித்தபோது மேயராக வந்தவர் பெத்ரோ சரகோசா. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக் காலம் அது. கடற்கரையில் பிகினி அணிய அவர் அனுமதித்ததும், தேவாலயம் அவரை விலக்கி வைப்பதாக மிரட்டியதும், அவர் வெஸ்பா ஸ்கூட்டரிலேயே மத்ரீதுக்குப் போய் ஃபிராங்கோவைப் பார்த்து ஆதரவு பெற்றுத் திரும்பியதும் இன்றும் சொல்லப்படும் கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 1956-ல் அவர் காலத்தில் நிறைவேறிய நகரத் திட்டம். பிழைப்புத் தேடி ஊர் தறிகெட்டு வளர்வதற்கு முன்பே அகலமான தெருக்களுக்குக் கோடு போட்டார்கள். பின்னர் உயரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, மனையின் ஒரு பகுதியில் மட்டும் மேலே மேலே கட்டி, மிச்சத்தைத் தோட்டத்துக்கும் காற்றுக்கும் விடும் முறையைக் கொண்டுவந்தார்கள். கட்டடங்கள் ஒல்லியாக வானத்தை நோக்கிப் போனதால்தான், அந்தச் சின்ன விரிகுடாவுக்குள் இத்தனை பேரை அடக்கியும் ஊருக்குப் பின்னாலுள்ள மலைச்சரிவு பெருமளவு தப்பியது.

உயரத்தின் பயன் தண்ணீரில் தெரிகிறது. மழை குறைந்த கடலோரம் அது. 1978-ன் வறட்சியில் பெனிடோர்முக்குக் கப்பலில் குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்தது. சூடுபட்ட ஊர் பாடம் கற்றது; குழாய்களை மாற்றியது, கசிவைத் தேடித் தேடி அடைத்தது. இன்று குழாய் வழியில் வீணாகும் நீர் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் என்பது ஐரோப்பாவின் பெரிய நகரங்களும் பொறாமைப்படும் கணக்கு. ஹோட்டல் கோபுரத்தில் நூறு குடும்பங்களுக்கு ஒரு நீச்சல் குளம் போதும். அதே நூறு குடும்பங்கள் தனித்தனி வில்லாக்களில் தங்கினால் நூறு குளம், நூறு புல்தரை, ரொட்டி வாங்கக்கூட நூறு கார் பயணம். அலிகாண்டே மாகாணத்தின் நீர்ப் பயன்பாட்டை ஆராய்ந்தவர்கள் பரந்து விரிந்த வில்லாக் குடியிருப்புகளே தலைக்கு அதிக நீர் குடிக்கின்றன என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். பெனிடோர்மில் காலையில் அறையிலிருந்து இறங்கிச் செருப்போடு நடந்தால் மணல். மாலையில் மணலிலிருந்து நடந்தால் சந்தை. இரவில் நடந்தால் மதுக்கூடம். குளிர்காலத்திலும் அந்த ஊர் மூடிக்கிடப்பதில்லை. முதியோருக்காக ஸ்பெயின் அரசு 1985-ல் தொடங்கிய இம்செர்சோ பயணத் திட்டம், கோடையல்லாத மாதங்களில் பல லட்சம் ஓய்வூதியர்களை மானியக் கட்டணத்தில் கடலோர ஹோட்டல்களுக்கு அனுப்புகிறது. பெரியவர்களுக்கு வெயில் கிடைக்கிறது. சமையல்காரருக்கும் அறை துப்புரவுப் பணியாளருக்கும் ஜனவரியிலும் சம்பளம் கிடைக்கிறது. சுற்றுலாவைப் பொதுநலக் கொள்கையாக நினைத்தவர்கள் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று இது என்று தயங்காமல் சொல்வேன்.

இந்த ஏற்பாட்டைக் கலைத்தது எது? இணையத்தளங்கள் வழியாகக் குடியிருப்பு வீடுகளை நாள் கணக்கில் வாடகைக்கு விடும் வழக்கம். ஹோட்டல் எங்கே வரலாம், எத்தனை கட்டில் இருக்கலாம் என்று ஒரு நகராட்சி முன்கூட்டித் தீர்மானிக்க முடியும். ஒரு தெருவில் இருக்கும் நாற்பது வீடுகளும் ஒவ்வொன்றாக ஹோட்டல் அறைகளாக மாறும்போது எந்த நகராட்சிக்கும் அது நடந்து முடிந்த பிறகுதான் தெரிகிறது. மாலகாவின் பழைய நகரத்தில் கதவுகளுக்கு அருகே எண் பூட்டு வைத்த சின்னச் சாவிப் பெட்டிகள் வரிசையாக முளைத்ததும், விடியற்காலையில் கல் பாவிய சந்துகளில் பெட்டிச் சக்கரங்கள் உருளும் ஓசை அன்றாடமானதும் இப்படித்தான். அந்தக் கதவுகளில், முன்பு இது என் வீடாக இருந்தது என்னும் பொருள்பட 2024-ல் ஊரார் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். பார்சலோனாவில் பத்தே ஆண்டுகளில் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டதாக மேயர் ஜாவுமே கொல்போனி சொன்னார். இபிஸாவில் நிலைமை இன்னும் கொடுமை. உலகின் பெரும் பணக்காரர்கள் உல்லாசப் படகுகளில் வந்து இறங்கும் தீவில், அவர்களுக்கு உணவு பரிமாறுகிறவர்கள் வேன்களிலும் கூடாரங்களிலும் உறங்குகிறார்கள். அப்படிப்பட்ட குடியிருப்புகளில் ஒன்றான கான் ரோவாவிலிருந்து 2024 ஜூலை இறுதியில் தொழிலாளர்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் வெளியேற்றினார்கள். வாடகை கட்டுப்படியாகாமல், மயோர்காவிலிருந்து விமானத்தில் வந்து பாடம் நடத்திவிட்டுத் திரும்பும் ஆசிரியர்கள் இபிஸாவில் உண்டு. காவலரும் செவிலியரும் ஆசிரியரும் குடியிருக்க முடியாத ஊர், நாளடைவில் விருந்தினருக்கும் பயன்படாத ஊராகிவிடும்.

உழைப்பின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஹோட்டலுக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஸ்பெயின் ஹோட்டல் முதலாளிகளை உத்தமர்களாகக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. ஒரு நாளைக்கு 20 அறைக்கு மேல் துடைத்து, பெருக்கி, மெத்தையைத் தூக்கி விரிப்பு மாற்றி முதுகொடிந்த பெண்கள், பத்தாண்டுகளுக்கு முன்பு லாஸ் கெல்லிஸ் என்ற பெயரில் அமைப்பானதே அந்த முதலாளிகளுக்கு எதிராகத்தான். ஒப்பந்த நிறுவனங்களுக்குத் தங்கள் வேலையைத் தள்ளிவிட்டுச் சம்பளத்தைக் குறைத்த தந்திரத்தை எதிர்த்து அவர்கள் தெருவில் நின்றார்கள், நாடாளுமன்றத்தின் காதில் விழச் செய்தார்கள். அதன் பலன்களில் ஒன்றைக் கவனியுங்கள். 2022-ல் பலேயரிக் தீவுகள் கொண்டுவந்த சட்டம், பணியாளர் குனியாமல் விரிப்பு மாற்றுவதற்காக, பொறியை அழுத்தினால் மேலே எழும் கட்டில்களை ஹோட்டல்கள் படிப்படியாகப் பொருத்த வேண்டும் என்கிறது. ஓர் ஏழைப் பெண்ணின் முதுகெலும்பைச் சட்டம் நினைத்துப் பார்த்தது. ஹோட்டல் என்ற கட்டடமும் ஒரு முதலாளியும் ஒரு தொழிற்சங்கமும் இருந்ததால்தான் அது முடிந்தது. நாள் வாடகைக்கு விடப்படும் வீட்டைப் பெரும்பாலும் ஒருத்தி தனியாகத்தான் துடைத்துவிட்டுப் போகிறாள். அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

இனி இரவு வாழ்க்கை. இந்தக் கடலோரத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இளைஞர்களாக இருக்கும் பருவமும் ஊரும் உண்டு. ஆடவும் பாடவும் குடிக்கவும் வருகிறவர்களை ஒழுக்கக் கண்ணோடு பார்க்க வேண்டியதில்லை. ஸ்பானியர்களே இரவுப் பறவைகள்தான், பத்து மணிக்குச் சாப்பிட உட்காருகிறவர்கள். கேள்வி, அந்த ஆட்டம் எங்கே நடக்கிறது என்பது. வலென்சியா நகரில் குடியிருப்புப் பகுதி ஒன்றில் மதுக்கூடங்களும் நடனக் கூடங்களும் பெருகி, சனிக்கிழமை பின்னிரவு மூன்றரை மணிக்கு 100 டெசிபலைத் தாண்டிய ஓசை பதிவானது. நகராட்சியே அதை ஓசை மிகுந்த பகுதியாக அறிவித்த பிறகும், 1997-ல் ஒரு பெண் குடியிருந்த அதே கட்டடத்தில் நடனக் கூடத்துக்கு உரிமம் கொடுத்தது. அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார். வீட்டுக்குள் நிம்மதியாக வாழும் உரிமையை அரசு காக்கத் தவறிவிட்டது என்று 2004-ல் தீர்ப்பு வந்தது. தூக்கமும் மனித உரிமை என்று உணர்த்திய தீர்ப்பு அது. இன்னொரு பக்கம் இபிஸாவின் வரலாறு. உலகப் புகழ்பெற்ற அதன் நடனக் கூடங்களில் சில, ஊருக்கு வெளியே பழைய பண்ணை வீடுகளில் தொடங்கியவை. 1970-களில் வந்த அம்னீசியா அப்படிப்பட்டது. வானம் பார்த்துக் கிடந்த அந்தத் தளங்கள் 1990-களின் தொடக்கத்தில் ஓசைக் கட்டுப்பாட்டால் கூரை போட்டுக்கொள்ள நேர்ந்தபோது, இனி எல்லாம் முடிந்தது என்று பலர் புலம்பினார்கள். கூரைக்குக் கீழேதான் அவை இன்னும் பெரிதாக வளர்ந்தன.

மயோர்காவின் மகலூஃப் இதற்கு எதிர்ப் பாடம். அங்கே புந்தா பாயேனா என்ற ஒரே தெருவுக்குள் மலிவு மது, கூட்டம் கூட்டமாகக் கடைக்குக் கடை அழைத்துப் போய்க் குடிக்கவைக்கும் உலா, பால்கனியிலிருந்து நீச்சல் குளத்துக்குக் குதித்து உயிர்விடும் பையன்கள் என்று ஒரு சந்தையே நடந்தது. அதில் லாபம் பார்த்தவர்கள் மிகச் சிலர். 2020 ஜனவரியில் பலேயரிக் அரசு அந்தத் தெரு உள்ளிட்ட சில பகுதிகளில் மது உலாக்களையும், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் போன்ற சலுகைகளையும் தடைசெய்தது. எல்லாம் அடங்கிய கட்டணத்தில் தங்குகிறவர்களுக்கு மதிய உணவோடு மூன்று, இரவு உணவோடு மூன்று என்று மதுக்கோப்பைக்கும் வரம்பு கட்டியது. இளைஞர்கள் வருவது நின்றுவிடவில்லை.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் மிகவும் வலுவானது, வீட்டு வாடகையால் பிழைக்கும் சாதாரணக் குடும்பத்தைப் பற்றியது. கணவரை இழந்த பெண் தன் வீட்டின் ஓர் அறையைக் கோடையில் வாடகைக்கு விட்டு ஓய்வூதியத்தைச் சமாளிப்பதைத் தடுக்கலாமா? கூடாது. அவர் அந்த வீட்டிலேயே வாழ்கிறார். விருந்தினர் அவரோடு தங்குகிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு யாரிடம் புகார் சொல்வது என்று தெரியும். சட்டம் இவரையும், பத்து இருபது வீடுகளைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனம் நடத்துகிறவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 2025 ஏப்ரலிலிருந்து, அடுக்குமாடியில் ஒரு வீட்டைப் புதிதாகப் பயணிகள் விடுதியாக்க, அந்தக் கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்று ஸ்பெயினில் விதி வந்திருக்கிறது. மாடிப்படியையும் மின்தூக்கியையும் பகிர்ந்துகொள்பவர்களின் கையில் முடிவைக் கொடுத்த இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். அடுத்து, இதெல்லாம் ஹோட்டல் முதலாளிகளின் சதி என்பார்கள். அவர்களுக்கு இதில் லாபம் உண்டு என்பது உண்மை. அதனால்தான் கட்டில் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும், பணியாளர் சம்பளமும், பணியாளருக்கான உறைவிடமும் உரிமத்தின் நிபந்தனைகளாக இருக்க வேண்டும் என்கிறேன். பெனிடோர்மிலேயே இப்போது வெளியூரிலிருந்து வரும் பணியாளர்களுக்கு வீடு கிடைக்காத சிக்கல் தலைதூக்கியிருக்கிறது.

பொருளாதார அறிஞர்கள் சிலர் வேறொன்று சொல்கிறார்கள்: நாட்டின் மொத்த வீடுகளில் பயணிகளுக்கு விடப்படுபவை மிகச் சிறு பங்கு, உண்மையான குறை, அரசு போதிய வீடு கட்டாததுதான். ஸ்பெயினில் பொது வாடகை வீடுகள் ஐரோப்பியச் சராசரியைவிட வெகு குறைவு என்பதும், 2008-ன் சரிவுக்குப் பிறகு கட்டுமானம் படுத்துவிட்டது என்பதும் சரிதான். ஆனால், சராசரி இங்கே உண்மையை மறைக்கிறது. காஸ்டீலின் உள்நாட்டுக் கிராமங்களில் காலியாகக் கிடக்கும் வீடுகளையும் மாலகாவின் துறைமுகப் பகுதியையும் சேர்த்து வகுத்தால் கிடைக்கும் எண், மாலகாவில் வீடு தேடுகிறவருக்கு எதற்கும் உதவாது. புதிய வீடு கட்ட ஆண்டுகள் ஆகும். கட்டிய வீட்டையும் மறுநாளே நாள் வாடகைக்கு விடலாம் என்றால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் கதைதான். கட்டவும் வேண்டும், ஓட்டையை அடைக்கவும் வேண்டும்.

அடுக்கி அடுக்கிக் கட்டினால் கடலோரமே கான்கிரீட் ஆகிவிடாதா என்பது இயற்கையை நேசிப்பவர்களின் கவலை. எனக்கும் அந்தக் கவலை உண்டு. அல்மேரியா மாகாணத்தின் கபோ தே கதா இயற்கைப் பூங்காவுக்குள், அல்கர்ரோபிக்கோ கடற்கரையை ஒட்டி 400 அறைக்கு மேல் கொண்ட ஹோட்டல் ஒன்று அரைகுறையாக நிற்கிறது. 2006-ல் நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. இடிப்பதற்கான சண்டை அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. உயரமாகக் கட்டலாம் என்பதற்கு எங்கே வேண்டுமானாலும் கட்டலாம் என்று பொருள் இல்லை. ஏற்கெனவே ஊராக இருக்கும் இடத்தில் நெருக்கமாகக் கட்டுவதே, இன்னும் ஊராகாத கரையைக் காப்பாற்றும் வழி. கடற்கரை பொதுச் சொத்து என்று ஸ்பெயினின் 1978 அரசமைப்பே சொல்கிறது. 1988-ன் கடலோரச் சட்டம் கரையை ஒட்டிய நிலத்தில் கட்டுவதற்கும் எல்லை போட்டது. அதனால்தான் மாலகாவின் கடற்கரைக் குடிலில், மணல் நிரப்பிய பழைய படகுக்குள் கரி மூட்டி, மூங்கில் குச்சியில் கோத்த மத்தி மீனைச் சாய்த்து நட்டுச் சுடுகிறவர் பக்கத்தில், ஊர்க்காரர் தன் மடக்கு நாற்காலியை விரித்து ஒரு காசும் கொடுக்காமல் உட்கார முடிகிறது. கடலுக்குள்ளும் காக்க வேண்டியவை இருக்கின்றன. இபிஸாவுக்கும் ஃபோர்மென்தேராவுக்கும் இடையே பொசிடோனியா என்ற கடற்புல் மைல் கணக்கில் படர்ந்திருக்கிறது. அந்த நீரின் தெளிவும் கரையின் மணலும் அதன் கொடை. உல்லாசப் படகுகளின் நங்கூரம் அதைப் பெயர்க்கக் கூடாது என்று 2018-ல் பலேயரிக் அரசு ஆணையிட்டது.

கடைசியாக ஒரு மறுப்பு. என்னை அதிகம் யோசிக்கவைப்பது இதுதான். கட்டுப்பாடு போட்டால் விலை ஏறும். விலை ஏறினால் வெயில் பணக்காரர்களுக்கு மட்டும் என்றாகிவிடும். பிரான்ஸில் 1936-லும் பிரிட்டனில் 1938-லும் சட்டமான சம்பளத்துடன் கூடிய விடுமுறை, தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்றது. லீட்ஸ் நகரத்துப் பேருந்து ஓட்டுநரும் லியோன் நகரத்துத் தையற்காரியும் ஆண்டுக்கு ஒரு வாரமாவது சூடான மணலில் படுப்பது அந்தப் போராட்டத்தின் கனி. பலேயரிக் தீவுகளில் சில அரசியல்வாதிகளும் வணிகர்களும், குறைவான ஆனால் செலவாளிகளான பயணிகள் போதும் என்று பேசுவதை நான் ஏற்கவில்லை. தனி விமானத்தில் வந்து வில்லாவில் தங்கும் ஒருவர், பெனிடோர்ம் ஹோட்டலில் தங்கும் குடும்பத்தைவிடப் பல மடங்கு நிலமும் நீரும் எரிபொருளும் தின்கிறார். ஏழையின் விடுமுறைக்கு இடம் கொடுக்க வல்லது நெருக்கமாகக் கட்டிய, ஆண்டு முழுதும் இயங்கும் ஹோட்டல் நகரம்தான். வரம்பு போட்டால் கொண்டாட்டம் செத்துவிடும் என்பதும் உண்மையல்ல. 2011-ல் வந்த ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ படத்தால் இந்தியர்களுக்கு அறிமுகமான தக்காளித் திருவிழா, வலென்சியாவுக்கு அருகே புன்யோல் என்ற சிற்றூரில் நடப்பது. ஒன்பதாயிரம் பேர் வாழும் ஊருக்குள் நாற்பதாயிரத்துக்கு மேல் கூடி மூச்சு முட்டியபோது, 2013-ல் நுழைவுச்சீட்டு வைத்து எண்ணிக்கையை 20 ஆயிரம் அளவில் நிறுத்தினார்கள். திருவிழா இன்றும் நடக்கிறது.

பார்சலோனா இப்போது இதையெல்லாம் ஒரே வீச்சில் சோதித்துப் பார்க்கப் போகிறது. நகரில் உரிமம் பெற்ற 10,101 பயணிகள் குடியிருப்புகளில் ஒன்றுக்குக்கூட 2028 நவம்பருக்குப் பிறகு உரிமம் நீட்டிக்கப்படாது என்று மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். இதற்கு அடிப்படையான கத்தலோனியச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கை அரசமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளிவிட்டது. உரிமம் போனதும் அந்த வீடுகள் தாமாகக் குடித்தனத்துக்குத் திரும்பிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பதினோரு மாத ஒப்பந்தம், பருவகால வாடகை என்று புதுப் பெயர்களில் அதே வணிகம் நடக்கும் வழிகள் இப்போதே தெரிகின்றன. வாடகை உச்சவரம்பு அந்த ஒப்பந்தங்களுக்கும் பொருந்த வேண்டும். திருட்டுத்தனமாக நடத்துகிறவர்களைக் கண்டுபிடிக்க நகராட்சியிடம் போதிய ஆய்வாளர்கள் வேண்டும். விற்பனைக்கு வரும் வீடுகளை நகராட்சியே வாங்கி வாடகைக்கு விடப் பணம் ஒதுக்க வேண்டும். இந்த மூன்றும் 2028-க்கு முன்பே தயாராக இருந்தால்தான் நகரின் பழைய மீனவர் குடியிருப்பான பார்சலோனெத்தாவின் மாடிகளில் மறுபடியும் மீனவர் குடும்பங்களும் ஹோட்டல் பணியாளர்களும் குடியேற முடியும்.